மேட்டூர் அனல் நிலையம் இருக்கும் இடத்தில் அணு உலை வந்தால்? சேலத்துக்காரர்கள் கருத்துச் சொல்லுங்கள்

சேர்வராயன் (ஏற்காடு)

2025 மத்திய பட்ஜெட்டில் 2047-க்குள் 100 கிகாவாட் (ஒரு லட்சம் மெகாவாட்) அணுமின்சாரம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். சிறிய உலைகளுக்கான ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2033-க்குள் குறைந்தது ஐந்து உலைகளை இயக்குவோம் என்கிறார்கள். 2025-இல் நாடு முழுவதும் இருந்த அணு உலைகளின் திறனைக் கூட்டினாலும் 9 கிகாவாட்டை எட்டாது. அப்படியானால் இந்த உலைகளெல்லாம் எங்கே வரும்? கடற்கரையில் மட்டும் வைத்து இந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. பழைய நிலக்கரி நிலையங்களில் மின்கம்பியும் ரயில் பாதையும் தண்ணீரும் ஏற்கனவே இருப்பதால், அதே இடத்தில் உலை வைக்கும் யோசனை உலகின் பல நாடுகளில் பேசப்படுகிறது.

மேட்டூருக்கு அப்படி எந்த அறிவிப்பும் வரவில்லை. யாரும் இதை வதந்தியாகப் பரப்ப வேண்டாம். ஆனால் அறிவிப்பு வந்த பிறகு பேசத் தொடங்கினால் இரண்டே கட்சிதான் இருக்கும். வருவதற்கு முன்பே நிதானமாகப் பேசிவிடலாம் என்றுதான் கேட்கிறேன். மேட்டூரில் உள்ள 210 மெகாவாட் அலகுகள் நான்கும் பழையவை. முதல் அலகு 1987-இல் ஓடத் தொடங்கியது. அவற்றை மூடிவிட்டு அங்கே அணு உலை வைக்கிறேன் என்றால் நம் பதில் என்ன? ஏன்?

தறிக்காரர் (தாரமங்கலம்)

என் பதில், வரட்டும் என்பதுதான்.

2012-ஐ மறந்துவிட்டீர்களா? சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் கிடையாது. எங்கள் ஊரிலும் இளம்பிள்ளையிலும் ஜலகண்டாபுரத்திலும் விசைத்தறி ஓட்டியவர்கள் தறியைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டார்கள். நெய்கிறவனுக்குக் கூலி இல்லை, பாவு சுற்றுகிறவனுக்கு வேலை இல்லை. கூடங்குளம் முதல் அலகு 2013 அக்டோபரில் மின்தொகுப்பில் சேர்ந்தது. இரண்டாவது 2017-இல் வணிக உற்பத்திக்கு வந்தது. இரண்டும் சேர்த்து 2,000 மெகாவாட். அதில் ஏறத்தாழப் பாதி தமிழகத்துக்கு வருகிறது. அந்த மின்சாரத்தில் நானும் தறி ஓட்டியிருக்கிறேன். அதை வாங்கிக்கொண்டே, உலை மட்டும் வேறு யார் ஊரிலோ இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நெல்லைச் சீமை (சேலம், சூரமங்கலம்)

அந்த "வேறு யார் ஊரோ" என்னுடைய ஊர். ராதாபுரம் தாலுகாவில் பிறந்து, வேலைக்காகச் சேலம் வந்தவன் நான். உங்கள் நியாயத்தை மதிக்கிறேன் தறிக்கார அண்ணா. ஆனால் அந்த 2,000 மெகாவாட் எங்கள் பக்கத்திலிருந்து எப்படி வந்தது என்று யாராவது சொல்ல வேண்டும்.

1988-இல் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கூடங்குளத்துக்காக ஒப்பந்தம் போட்டார்கள். 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. அதே ஆண்டு செப்டம்பரில் கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் உண்ணாவிரதம் பெரிதானபோது, மக்களின் அச்சம் தீரும் வரை வேலையை நிறுத்துங்கள் என்று தமிழக அமைச்சரவையே தீர்மானம் போட்டது. 2012 மார்ச்சில் அதே அரசு வேலையைத் தொடரலாம் என்றது. இந்த ஆறு மாதத்தில் எங்கள் மக்களின் எந்த அச்சம் தீர்ந்தது? ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோகப் பிரிவில் வழக்கு விழுந்தது. 2012 செப்டம்பரில் இடிந்தகரைக் கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்த நாளில், மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். உச்ச நீதிமன்றம் 2013 மே 6-ஆம் தேதி உலையை இயக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னபோது, கூடவே பதினைந்து நிபந்தனைகளையும் விதித்து, வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி செய்யுங்கள் என்றும் சொன்னது.

உலை வெடிக்குமா வெடிக்காதா என்பது பிறகு. முதலில் எங்களை மனிதர்களாக மதித்துப் பதில் சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி.

மேட்டூர்வாசி

எல்லோரும் அணுவைப் பற்றியே பேசுகிறீர்கள். இப்போது எங்கள் தலைக்கு மேல் இருப்பதைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள்.

மேட்டூர் நிலையத்தின் மொத்தத் திறன் 1,440 மெகாவாட். அது முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு இருபதாயிரம் டன்னுக்கு மேல் நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்களைக் கேளுங்கள், அது எங்கே போகிறது என்று. கந்தக வாயுவைக் கட்டுப்படுத்த 2015-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. காலக்கெடுவைத் தள்ளித் தள்ளிப் பத்து ஆண்டு ஓடிவிட்டது. 2024 டிசம்பரில் மேட்டூர் நிலையத்தில் நிலக்கரித் தொட்டி சரிந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுக்காக இந்தத் தளத்தில் ஓர் இழைகூடத் திறக்கப்படவில்லை. அணு உலையில் இரண்டு பேர் இறந்திருந்தால் உலகம் முழுவதும் செய்தியாகியிருக்கும்.

மூச்சிரைப்புக்கு மருந்து வாங்கும் வரிசையில் நிற்பவர்களை எந்தப் புள்ளிவிவரமும் "அனல் மின் நிலைய விபத்து" என்று எழுதுவதில்லை. என் ஓட்டு இன்னும் முடிவாகவில்லை. ஆனால் நிலக்கரியைப் பாதுகாப்பானது என்று வைத்துக்கொண்டு அணுவை மட்டும் ஆபத்து என்று யாரும் கணக்குப் போடக் கூடாது.

இயற்பியல் ஆசிரியை (அஸ்தம்பட்டி)

மேட்டூர்வாசி சொல்வதற்கு எண்களில் ஆதாரம் இருக்கிறது. ஒரே அளவு மின்சாரம் எடுக்க எத்தனை உயிர் போகிறது என்று விபத்தையும் காற்று மாசையும் சேர்த்துப் போட்ட கணக்குகளில், ஒரு டெராவாட் மணிக்கு (நூறு கோடி யூனிட்) நிலக்கரியில் சுமார் 24 உயிர் என்றால் அணுமின்சாரத்தில் 0.03. செர்னோபில் (சோவியத் நாடு, 1986) விபத்தும் ஃபுகுஷிமா விபத்தும் அதில் அடக்கம். செர்னோபிலின் நீண்டகாலச் சாவுகளை எப்படி எண்ணுவது என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டை உண்டு. ஆனால் எப்படி எண்ணினாலும் நிலக்கரி அணுவைவிடப் பல மடங்கு மேலேதான் நிற்கிறது. நிலக்கரிச் சாம்பலில் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அணுவுக்கு மட்டுமே உரிய ஆபத்து எது என்று பார்ப்போம். "அணுகுண்டு மாதிரி வெடிக்கும்" என்று பலர் பயப்படுகிறார்கள். அது நடக்காது; மின் உலையின் எரிபொருளில் அதற்குத் தேவையான செறிவு இல்லை. உண்மையான சிக்கல் வேறு. நிலக்கரி உலையை அணைத்தால் நெருப்பு அணைந்துவிடும். அணு உலையில் கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கினால் சில நொடிகளில் தொடர்வினை நின்றுவிடும். ஆனால் அதுவரை பிளந்த அணுக்களின் துண்டுகள் தொடர்ந்து சிதைந்துகொண்டே வெப்பம் தரும். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பத் திறன் சுமார் 3,000 மெகாவாட். நிறுத்திய கணத்தில் அதில் ஆறேழு சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவுக்கு வெப்பம் மிச்சம் இருக்கும். ஒரு நாள் கழித்தும் பத்துப் பதினைந்து மெகாவாட் இருக்கும். அதைத் தண்ணீர் ஓட்டி வெளியேற்றியே ஆக வேண்டும். தண்ணீர் ஓடப் பம்பு வேண்டும். பம்பு ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர் வேண்டும்.

ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11-ஆம் தேதி நடந்தது இதுதான். 9.0 அளவு நிலநடுக்கத்தில் உலைகள் ஒழுங்காகவே நின்றன. முக்கால் மணி நேரம் கழித்துச் சுமார் 14 மீட்டர் அலை வந்தது. நிலையம் ஆறு மீட்டருக்கும் குறைவான அலையை எதிர்பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன. அவை மூழ்கின. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. நிலநடுக்க மையத்துக்கு அதைவிட அருகில் இருந்த ஒனகாவா நிலையம் உயரமான இடத்தில் கட்டப்பட்டதால் பத்திரமாக நின்றது. ஊர்க்காரர்கள் அங்கேதான் தஞ்சம் புகுந்தார்கள். ஒரே நாடு, ஒரே அலை. உயரத்தை முடிவு செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள்.

கல்பாக்கத்தில் இருந்தவன் (ஏற்காடு)

டீச்சர் சொன்னதில் சேர்க்க ஒன்று உண்டு. நான் கல்பாக்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று இங்கே குடியேறியவன்.

2004 டிசம்பர் 26 காலையில் கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. சுனாமி நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. பணியில் இருந்தவர்கள் உலையை நிறுத்தி, மிச்ச வெப்பத்தை முறைப்படி வெளியேற்றினார்கள். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் குடியிருப்பில்தான் அலை புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோனது. நாங்கள் அங்கே பறிகொடுத்தது அலைக்குத்தான், கதிர்வீச்சுக்கு அல்ல. அந்த நாளை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. அதனால் இதற்குமேல் எழுதவில்லை.

கூடங்குளத்தின் உலைகள் கல்பாக்கத்தையும் ஃபுகுஷிமாவையும்விடப் பின்னால் வந்த வடிவமைப்பு. மின்சாரமே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு அதில் உண்டு. எரிபொருள் உருகிக் கீழே இறங்கினாலும் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு பெரிய கலம் இருக்கிறது. செர்னோபில் உலைக்கு இவை எதுவும் இல்லை. கதிர்வீச்சு வெளியேறாமல் தடுக்கும் வலுவான காப்புக் கட்டடமே இல்லை. தண்ணீர் ஆவியானால் வினை கூடும் என்ற பிறவிக் கோளாறும் அதற்கு இருந்தது. 1986 ஏப்ரல் 26-ஆம் தேதி இரவு, பாதுகாப்பு ஏற்பாடுகளை நிறுத்திவிட்டுச் சோதனை செய்தார்கள். அந்த உலையை எங்கள் உலையோடு ஒப்பிடுவது நியாயம் இல்லை.

நெல்லைச் சீமை

ஐயா, உங்கள் இழப்புக்கு என் அஞ்சலி. ஆனால் உத்தரப் பிரதேசத்தின் நரோராவைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே? நம் நாட்டு உலை. 1993 மார்ச் 31. டர்பைனின் தகடு உடைந்து, ஹைட்ரஜன் தீப்பற்றி, கேபிள்கள் எரிந்து, பதினேழு மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை.

கல்பாக்கத்தில் இருந்தவன்

எழுதுகிறேன். எங்கள் தலைமுறைப் பொறியாளர்கள் யாரும் நரோராவை மறந்ததில்லை.

கட்டுப்பாட்டு அறையில் புகை நிரம்பி அங்கே நிற்க முடியவில்லை. சிலர் டார்ச் விளக்கோடு உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, கையாலேயே வால்வைத் திறந்து போரான் கரைசலை உள்ளே விட்டார்கள், தொடர்வினை மீண்டும் தொடங்கிவிடக் கூடாது என்று. தீயணைப்புக்கு வைத்திருந்த டீசல் பம்புகளைக் கொண்டு தண்ணீர் செலுத்தி உலையைக் குளிர்வித்தார்கள். கதிர்வீச்சு வெளியேறவில்லை. அவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள்; ஊர் பிழைத்தது.

அதே நேரத்தில், அந்த டர்பைன் தகட்டின் வடிவமைப்பில் குறை இருக்கிறது என்ற எச்சரிக்கை விபத்துக்கு முன்பே வந்திருந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. மறுஆண்டு, 1994 மே மாதம், கர்நாடகத்தின் கைகாவில் கட்டிக்கொண்டிருந்த உலையின் உள் காப்புக் கூரையிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. உள்ளே எரிபொருள் இல்லாததால் போயிற்று. அதே கைகாவின் முதல் அலகு பிற்பாடு 962 நாள் நிற்காமல் ஓடி 2018-இல் உலக சாதனை படைத்தது. இரண்டும் ஒரே இடத்தின் வரலாறு. பாடம் கற்ற துறை இது என்று என்னால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியும். பாடத்தை உரக்கச் சொல்லும் பழக்கம்தான் எங்களிடம் குறைவு.

பழைய இரும்பு (செவ்வாய்ப்பேட்டை)

உலையைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் 2010-இல் டெல்லி மாயாபுரியில் கோபால்ட்-60 இருந்த பழைய இயந்திரம் ஒன்று ஏலத்தில் போய், எங்களைப் போன்ற ஒரு காயலாங்கடையில் உடைக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், பலருக்கு உடம்பு வெந்தது. அது வந்தது அணு உலையிலிருந்து அல்ல, ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து. படித்தவர்கள் கையில் இருந்த பொருள், கணக்குப் பார்க்காமல் விட்டதால் படிக்காதவன் கைக்கு வந்தது. சிறிய சிறிய உலைகளாக ஊர் ஊருக்கு வைத்தால் இப்படிக் கணக்குத் தவறும் இடங்களும் கூடும். எனக்கு இதுதான் பயம்.

மருத்துவமனைக்காரி (சேலம்)

கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். நாங்கள் மார்பில் அளவி அட்டை அணிந்துதான் உள்ளே போக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி, எனக்கு எவ்வளவு பட்டது என்ற அளவு எழுத்தில் வருகிறது. பணியாளருக்கு வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). பொதுமக்களுக்கு 1. இயற்கையாகவே மண்ணிலும் காற்றிலும் வானத்திலும் இருந்து உலகச் சராசரியாக நமக்கு 2.4 வந்துகொண்டுதான் இருக்கிறது. மார்பு சி.டி. ஸ்கேன் ஒன்றுக்கு ஏறத்தாழ 7. கொல்லம் பக்கம் மோனசைட் என்ற தோரியம் கலந்த மணல் உள்ள கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு உலகச் சராசரியைவிடப் பல மடங்கு கூடுதலாகவே படுகிறது.

என் அளவு எனக்குத் தெரிவதால் எனக்குப் பயம் இல்லை. நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரருக்கும் அதேபோல் ஊராட்சி அலுவலகத்தின் வாசலில் தினசரி அளவை எழுதிப் போட்டால் என்ன? தமிழில். பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் படிக்கும்படி.

சேர்வராயன்

மருத்துவமனைக்காரி அம்மா சொன்னது இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த யோசனை.

இப்போது என் மலையின் கவலையைச் சொல்கிறேன். கூடங்குளம் சேலத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 390 கிலோமீட்டர், கல்பாக்கம் 240. "அவ்வளவு தூரம் எப்படி வரும்?" என்று பலர் கேட்கிறார்கள். செர்னோபில் மேகம் பிரிட்டன் மேல் போனபோது வேல்ஸ் மலைகளில் மழை பெய்தது. மழையோடு சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் இறங்கியது. விபத்து நடந்த இடத்திலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மலைப் புல் மேய்ந்த ஆடுகளை விற்கக் கட்டுப்பாடு வந்தது. சில வாரத்தில் போய்விடும் என்றார்கள். கடைசிப் பண்ணையிலிருந்து அந்தக் கட்டுப்பாடு நீங்கியபோது 2012 ஆகிவிட்டது. சீசியம்-137 பாதியாகக் குறையவே முப்பது ஆண்டு.

மழை எங்கே பெய்கிறதோ அங்கே இறங்கும். 1,500 மீட்டர் உயரத்தில் மேகம் முட்டி நிற்கும் இடம் எங்கள் ஏற்காடு. காப்பியும் மிளகும் பலாவும் விளையும் மண். அவசரகாலத் திட்டத்துக்காக உலையைச் சுற்றிச் சமவெளியில் வரையும் 16 கிலோமீட்டர் வட்டத்தில் மலை அடங்காது. மேட்டூரிலிருந்து சேர்வராயன் உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். அதிகாரிகள் காம்பஸ் வைத்து வட்டம் போடும்போது காற்றையும் மழையையும் கேட்டுவிட்டுப் போடட்டும்.

தறிக்காரர்

சேர்வராயன் தம்பி, செர்னோபில் உலைக்குக் காப்புக் கட்டடமே இல்லை என்று இஞ்சினியர் ஐயா இப்போதுதானே எழுதினார்? காப்புக் கட்டடம் இருந்த ஃபுகுஷிமாவில் செர்னோபிலைவிட மிகக் குறைவாகத்தான் வெளியேறியது. கதிர்வீச்சால் நேர்ந்த சாவு என்று ஜப்பான் அரசு 2018-இல் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு தொழிலாளியின் சாவைத்தான். பயத்துக்கும் அளவு வேண்டாமா?

நெல்லைச் சீமை

அண்ணா, அந்த ஒன்றை மட்டும் எண்ணாதீர்கள். ஃபுகுஷிமாவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். அந்த மாகாணத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அலையில் அல்ல, கதிர்வீச்சிலும் அல்ல, வெளியேற்றத்தின் அலைக்கழிப்பில் இறந்ததாக அரசே பதிவு செய்திருக்கிறது. படுக்கையில் இருந்த முதியவர்களைப் பேருந்தில் ஏற்றி, எங்கே இறக்குவது என்று தெரியாமல் சுற்றினார்கள். அவ்வளவு ஒழுங்கான நாட்டில்.

இப்போது மேட்டூரை வைத்துப் பாருங்கள். 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மேட்டூர் நகரம், கொளத்தூர், மேச்சேரி எல்லாம் வரும். ஆடிப்பெருக்கு அன்று அணைப் பூங்காவில் எத்தனை ஆயிரம் பேர் நிற்பார்கள்? அன்று ஒரு சைரன் அடித்தால் எந்தச் சாலையில் எந்தப் பேருந்து? அயோடின் மாத்திரை எந்தக் கடையில் இருக்கும்? அது தைராய்டை மட்டும்தான் காக்கும், அதுவும் காற்று வந்து சேர்வதற்கு முன்போ உடனேயோ போட்டால்தான் பயன் என்று யார் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்? செர்னோபிலைச் சுற்றிக் குழந்தைகளாக இருந்தவர்களில் 2005 வரை ஆறாயிரம் பேருக்கு மேல் தைராய்டு புற்றுநோய் வந்தது. அவர்களில் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிட்டார்கள். ஆனால் பாலைக் குடிக்காதே என்று உரிய நேரத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் பலருக்கு அந்த நோயே வந்திருக்காது.

இயற்பியல் ஆசிரியை

இந்தப் பதிவைப் படித்துவிட்டு நானும் கொஞ்சம் நேரம் யோசித்தேன். சாவு எண்ணிக்கையில் அணு குறைவு என்று நான் சொன்னது மாறாது. ஆனால் மேட்டூர் என்ற இடத்தைப் பொறுத்தவரை இன்னொரு கேள்வி இருக்கிறது: தண்ணீர்.

கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் குளிர்விப்பது கடல் நீர். நதி, கால்வாய், ஏரி ஓரத்தில் இருக்கும் நரோரா, ராவத்பாட்டா, காக்ராபார் நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே உள்நாட்டில் உலை வைக்கவே முடியாது என்பதில்லை. ஆனால் மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம் டெல்டாவின் பாசனத்துக்கு உயிர். 120 அடி நிரம்புகிற ஆண்டும் உண்டு, தரை தெரிகிற ஆண்டும் உண்டு. சேலம் மாநகரின் குடிநீர் மேட்டூர் அருகே உள்ள தொட்டில்பட்டியிலிருந்துதான் வருகிறது. அணு உலை அதே மின்சாரத்துக்கு நிலக்கரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே வெப்பத்தை நீருக்கும் காற்றுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) பயன்படுத்தும் உலைகளில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் உண்டாகும். அதைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது கடினம். 2009-இல் கைகாவில் குடிநீர்க் கலனில் யாரோ வேண்டுமென்றே கனநீரைக் கலந்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பணியாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். யாருக்கும் உயிராபத்து நேரவில்லை. ஆனால் காவிரியில் அனுமதித்த அளவுக்குள் வெளியேறினாலும் அதை டெல்டா விவசாயியிடம் விளக்கப் போவது யார்?

கடற்கரையில் என்னால் ஆதரிக்க முடிகிற உலையை, காவிரிக் கரையில் இத்தனை எளிதாக ஆதரிக்க முடியவில்லை.

மேட்டூர்வாசி

நிலநடுக்கம்?

இயற்பியல் ஆசிரியை

சேலம் 2002-ஆம் ஆண்டின் நில அதிர்வு வரைபடத்தில் மூன்றாம் மண்டலம், மிதமான ஆபத்து. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் பகுதியில் சுமார் 6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது. அதைத் தாங்கும்படி உலை கட்டுவது பெரிய காரியம் இல்லை. ஜப்பானில் அதைவிடப் பல மடங்குக்குக் கட்டியிருக்கிறார்கள். எனக்குப் பயம், பக்கத்திலேயே அணை இருக்கும்போது இரண்டையும் சேர்த்து யோசிக்கிறார்களா என்பதில்தான். ஃபுகுஷிமாவில் நிலநடுக்கத்தையும் யோசித்திருந்தார்கள், அலையையும் யோசித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து மின்கம்பியையும் ஜெனரேட்டரையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளும் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

பழைய இரும்பு

கழிவு என்ன ஆகும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

கல்பாக்கத்தில் இருந்தவன்

அளவில் கழிவு குறைவு. 1,000 மெகாவாட் உலைக்கு ஆண்டுக்குச் சுமார் 25 டன் எரிபொருள். மேட்டூரில் அதைவிடப் பல மடங்கு சாம்பல் ஒரே மணி நேரத்தில் விழும். நம் நாட்டில் தீர்ந்த எரிபொருளைக் கழிவு என்று தூக்கிப் போடுவதில்லை. மறுசுத்திகரிப்பில் புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் பிரித்துவிட்டு, மிஞ்சும் கதிரியக்கக் கரைசலைக் கண்ணாடியில் உருக்கிக் கலந்து உருளையில் அடைக்கிறார்கள். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கத்தில் அந்த ஆலைகள் இருக்கின்றன.

நிரந்தரமாகப் புதைக்கும் இடம் நம் நாட்டில் இன்னும் இல்லை. பின்லாந்தில் நானூறு மீட்டருக்குக் கீழே பாறையில் குடைந்திருக்கிறார்கள். புளூட்டோனியம்-239 பாதியாக 24,000 ஆண்டு ஆகும்.

நெல்லைச் சீமை

2012 நவம்பரில் கோலார் தங்கவயலின் பழைய சுரங்கத்தில் கழிவை வைக்கப் போவதாக உச்ச நீதிமன்ற வழக்கில் பேச்சு எழுந்ததும் அங்கே ஊரே திரண்டு கடையடைத்தது. உடனே அப்படித் திட்டம் இல்லை என்றார்கள். கோலார் சேலத்திலிருந்து ரொம்பத் தூரமில்லை. கூடங்குளத்தில் தீர்ந்த எரிபொருளுக்கு உலைக்கு வெளியே சேமிப்பிடம் கட்டும் விஷயத்தில் 2019 ஜூலையில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டமும் தள்ளிப்போடப்பட்டது. உலை ஓடத் தொடங்கி ஆறு ஆண்டு கழித்துத்தான் கழிவை எங்கே வைப்பது என்று ஊரைக் கேட்க வருகிறார்கள். வீட்டைக் கட்டிக் குடியேறிய பிறகு கழிப்பறைக்கு இடம் தேடுவது போல இருக்கிறது.

தறிக்காரர்

சரி தம்பி. ஒப்புக்கொள்கிறேன், அது தவறான வரிசைதான். ஆனால் நீங்கள் சொல்லும் குறைகள் எல்லாம் நிர்வாகத்தின் குறை, உலையின் குறை அல்ல. நிர்வாகத்தைத் திருத்தச் சொல்லுங்கள், கூடவே நானும் கையெழுத்துப் போடுகிறேன். உலையே வேண்டாம் என்றால் என் தறிக்கு எது? காற்றாலை ஆடிக் காற்றில் ஓடும், மார்கழியில் ஓடாது. தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருந்தும் இரவு நேரத்தில் மேட்டூர் சிம்னிதான் புகைகிறது.

நெல்லைச் சீமை

நிர்வாகம் வேறு, உலை வேறு என்று பிரிக்க முடியாது அண்ணா. நரோராவில் தகடும் நிர்வாகம்தான், ஃபுகுஷிமாவில் சுவரின் உயரமும் நிர்வாகம்தான்.

கண்காணிக்க வேண்டிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எந்த அமைப்புக்குக் கீழே இருந்து வந்திருக்கிறது? உலையை நடத்துகிறவர்களும் வாரியமும் கடைசியில் ஒரே அணுசக்தி ஆணையத்துக்குத்தான் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். இதை நான் சொல்லவில்லை. வாரியத்தின் தலைவராக 1993 முதல் 1996 வரை இருந்த அ. கோபாலகிருஷ்ணன் பதவிக்குப் பிறகு பலமுறை எழுதியிருக்கிறார். 2012-இல் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையும் வாரியத்துக்குச் சட்டப்படியான சுதந்திரம் இல்லை என்று குறை சொன்னது. தனி ஆணையம் அமைக்க 2011-இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே 2014-இல் காலாவதியானது.

இழப்பீட்டையும் பாருங்கள். 2010-இல் வந்த சட்டப்படி நிலையத்தை இயக்குகிறவரின் பொறுப்புக்கு உச்சவரம்பு 1,500 கோடி ரூபாயாக இருந்தது. கூடங்குளத்தின் முதல் இரண்டு அலகுகளைக் கட்ட ஆன செலவே 22,000 கோடிக்கு மேல். போபாலைப் பார்த்த நாடு என்பதால், குறையுள்ள பொருளைக் கொடுத்த நிறுவனத்திடமும் இயக்குகிறவர் ஈடு கேட்கலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு வைத்தார்கள். 2025 பட்ஜெட் உரையில், தனியாரைக் கொண்டுவர அணுசக்திச் சட்டத்தையும் இந்தச் சட்டத்தையும் திருத்துவோம் என்று சொன்னார்கள். அந்தப் பிரிவு போனால், விபத்தின் செலவு யார் தலையில் விழும்?

கல்பாக்கத்தில் இருந்தவன்

வாரியம் தனித்து நிற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பணியில் இருந்தபோது வெளியில் சொல்ல முடியாது. இப்போது சொல்கிறேன். நல்ல பொறியாளனுக்குக் கண்டிப்பான கண்காணிப்பாளர் எதிரி அல்ல. நரோராவில் மேலே ஏறியவர்களைப் போன்றவர்கள் இன்னும் அந்த நிலையங்களில் இருக்கிறார்கள். அவர்கள் மேலே ஏற வேண்டிய நிலை வராமல் பார்ப்பதுதான் வாரியத்தின் வேலை.

மேட்டூர்வாசி

நான் ஓட்டை முடிவு செய்துவிட்டேன். இன்றைய நிலையில் மேட்டூரில் அணு உலைக்கு என் பதில் வேண்டாம். ஆனால் அந்த "வேண்டாம்" நிலக்கரிக்கு "இருக்கட்டும்" ஆகிவிடக் கூடாது. டீச்சர் சொன்ன தண்ணீர்க் கணக்கும் தம்பி சொன்ன வெளியேற்றத் திட்டமும் நிலக்கரிக்கும் பொருந்தும். சாம்பல் குளத்திலிருந்து எங்கள் கிணற்றுக்கு என்ன வருகிறது என்ற பரிசோதனை முடிவை முதலில் எங்கள் கையில் கொடுக்கட்டும். இருக்கிற நிலையத்தின் கணக்கையே காட்டாதவர்கள், வரப்போகிற உலையின் கணக்கைக் காட்டுவார்கள் என்று எப்படி நம்புவேன்?

தறிக்காரர்

என் பதில் இன்னும் "வரட்டும்"தான். மேட்டூர் இல்லாவிட்டால் கடற்கரையில்.

சேர்வராயன்

சண்டை தீரவில்லை, தீர வேண்டும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடுவோம். மேட்டூர் நிலையத்தைச் சுற்றிய கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகள். நிலையம் ஆண்டுக்கு எடுக்கும் காவிரி நீரின் அளவு. சேலம் மாவட்டப் பேரிடர் திட்டத்தில் மேட்டூர் பகுதி மக்களை வெளியேற்றும் வழிகள். மனுவை நான் எழுதுகிறேன். மருத்துவமனைக்காரி அம்மாவின் அறிவிப்புப் பலகை யோசனையைத் தனி மனுவாக ஆட்சியருக்கு அனுப்பலாம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

நெல்லைச் சீமை

கூடங்குளத்தைச் சுற்றிய 16 கிலோமீட்டருக்குக் கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது, எத்தனை கிராமங்கள் கலந்துகொண்டன என்பதையும் சேருங்கள். அதை என் பெயரில் அனுப்புகிறேன்.

இயற்பியல் ஆசிரியை

மனுவில் தண்ணீர்க் கேள்வியை முதலில் வையுங்கள். ஒரே ஆண்டின் அளவைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். அணை வறண்ட ஆண்டுகளின் அளவையும் தனித்தனியாகக் கேளுங்கள்.